எட்டு கிலோவுக்கு எதிரே ஆறு மில்லி

என் பெயரும் என் தந்தையின் பெயரும் கோப்பின் மேலுறையில் எழுதப்பட்டுள்ளன. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எங்கள் தெருவில் யாருக்கும் என்னைத் தெரியாது. டைப் மாமா என்று கேட்டால் தெரியாதவர் கிடையாது. வயது ஐம்பத்தெட்டு. பார்த்தால் ஐம்பது என்பார்கள். அது தேவையில்லை என்று எழுத்தர் சொன்னார். சொன்னதைச் சொன்னபடி எழுதுவதுதானே முறை என்று நான் கேட்டதும் எழுதிக்கொண்டார். குடியிருப்பது பேருந்து நிலையத்தின் பின்வாசலுக்கு எதிரே, கண்ணாடிக் கடைக்கு மேல்மாடி. அதே கட்டிடத்தில் மாடிப்படிக்குக் கீழே என் டி.டி.பி. கடை. படிப்பு எட்டாம் வகுப்பு. ஆனால் பட்டம் வாங்கியவர்கள் என்னிடம் வந்துதான் தங்கள் ஆராய்ச்சியைப் பக்கம் பக்கமாக அடுக்கிக்கொண்டு போகிறார்கள்.

இன்று செவ்வாய்க்கிழமை காலை எட்டே காலுக்கு யாரும் அழைக்காமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்தேன். என் அக்கா மகளை இன்று பதினொரு மணிக்கு நீதிமன்றத்தில் நிறுத்தப்போகிறார்கள் என்பதால், அதற்கு முன் இதை எழுதி முடிக்க வேண்டும் என்று அதிகாரியைக் கேட்டுக்கொண்டேன். நான் சொல்வது எனக்கு எதிராகவே பயன்படலாம் என்று அதிகாரி எடுத்துச் சொன்னார். புரிந்தது என்றேன். வழக்குக்கு வேண்டியதை மட்டும் சொல்லும்படியும் சொன்னார். முயல்கிறேன் என்றேன்.

என் அக்கா மகள் குழந்தைகள் மருத்துவமனையில் நர்ஸ். அங்கே வலிப்பு மருந்தை மனக்கணக்கில் ஊற்றக் கூடாது, சுவரில் தொங்கும் அட்டையைப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும் என்று புது விதி வந்தது. அந்த அட்டையைத் தயார் செய்யும் வேலை அவளுக்கு வந்தது. அவள் போன திங்களுக்கு முந்திய திங்கட்கிழமை என் கடைக்கு வந்து, கோடு போட்ட தாளில் தன் கையால் எழுதிய பட்டியலைக் கொடுத்தாள். இடப்பக்கம் குழந்தையின் எடை, வலப்பக்கம் மருந்தின் அளவு. ஐந்து கிலோவுக்கு இரண்டு மில்லி, எட்டுக்கு நான்கு, பன்னிரண்டுக்கு ஆறு, பதினெட்டுக்கு ஒன்பது. அந்தத் தாளை இத்துடன் ஒப்படைக்கிறேன். அதில் எந்தப் பிழையும் இல்லை.

அப்போது அவள், "மாமா, வரிக்கு நேர் வரி இருக்கணும். இது கல்யாணப் பத்திரிகை இல்ல, பூ கீ எதுவும் போட்றாதீங்க," என்றாள். நான், "நான் கோடு போட்டா அது மேல ரயிலே விடலாம்மா," என்றேன். அவள் சிரித்தாள்.

அதன் பிறகு நான் அந்த அட்டையைக் கணினியில் அமைத்தேன். அட்டவணை என்று தனியாக ஒரு வசதி மென்பொருளில் உண்டு. நான் அதைத் தொடுவதில்லை. எனக்குத் தேவைப்பட்டதில்லை என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன். உண்மையில் அது எனக்கு வராது. எடைகளை ஒரு பெட்டியிலும் அளவுகளைப் பக்கத்தில் இன்னொரு பெட்டியிலும் போட்டு, கண்ணால் பார்த்து நேராக்குவேன். முப்பது வருடமாக அப்படித்தான். அதிகாரி மறுபடியும் கேட்டதால் சொல்கிறேன், பதினேழு வருடம்.

அந்த அட்டையை நான் என் சொந்த ஃபான்ட்டில் அமைத்தேன். ஃபான்ட் என்றால் என்ன என்று அதிகாரி கேட்டார். அது எழுத்துக்குப் போட்டுவிடும் சட்டை. அந்தச் சட்டை நம் கணினியில் இருக்கும். ஃபைலை மட்டும் இன்னொருவருக்கு அனுப்பினால் எழுத்து உடம்போடு போகும், சட்டை போகாது. போன இடத்தில் எவர் சட்டை தொங்குகிறதோ அதை எடுத்து மாட்டிக்கொள்ளும். என் சட்டை ஒல்லி. மற்றவர்களுடையது தொளதொள. வரி நீண்டுவிடும், நீண்டால் மடங்கும், ஒன்று மடங்கினால் கீழே இருப்பதெல்லாம் இறங்கும். அதனால்தான் இந்தத் தொழிலில் உள்ளவர்கள் ஃபான்ட்டையும் சேர்த்து அனுப்புவார்கள், அல்லது பக்கத்தை அப்படியே உறைய வைத்துப் பிடிஎஃப் ஆக அனுப்புவார்கள். பிடிஎஃப் ஆனால் எங்கே திறந்தாலும் அசையாது.

நான் இரண்டும் செய்வதில்லை. அந்த ஃபான்ட்டை நான் ஒவ்வொரு எழுத்தாக வளைத்து நான்கு வருடம் உட்கார்ந்து செய்தேன். என் ழகரத்தின் வாலைப் பார்த்தே இது டைப் மாமா கடை வேலை என்று சொல்லிவிடுவார்கள். அதை எவரிடமும் கொடுத்ததில்லை. பிடிஎஃபிலிருந்தும் ஃபான்ட்டை உருவிவிடுவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி அதுவும் கொடுத்ததில்லை. என் வழக்கம் என்னவென்றால், நானே பேருந்தில் இரண்டு மணி நேரம் பயணம் செய்து அச்சகத்துக்குப் போவேன். அங்கே கணினியில் என் ஃபான்ட்டை ஏற்றுவேன், பக்கத்தைத் திறந்து அச்சடிக்கும் பிளேட் எடுக்கும் வரை பக்கத்திலேயே நிற்பேன், எடுத்ததும் ஃபான்ட்டை அழித்துவிட்டுத் திரும்புவேன். அச்சகக்காரர் இதைப் பார்த்து, "மாமா, பொண்ணு பாக்க வர்றப்பகூட இவ்வளவு காவல் இருக்க மாட்டாங்க," என்பார்.

போன புதன்கிழமை மருத்துவமனையிலிருந்து அவசரம் என்றார்கள். மறுநாளே அட்டை வேண்டும் என்றார்கள். எனக்கு முழங்கால் வீங்கியிருந்தது. ஆகவே பகல் பன்னிரண்டு மணியளவில் அச்சகத்துக்கு மெயிலில் அனுப்பினேன். ஃபைலை மட்டும் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அச்சகக்காரர் போன் செய்தார்.

"மாமா, உங்க ஃபான்ட் இங்க இல்ல. அதையும் அனுப்புங்க, இல்ல பிடிஎஃப் அனுப்புங்க."

"உன்கிட்ட இருக்கிற எதுலயாவது வரட்டும். எண்ணுதானே, எட்டு எங்க போனாலும் எட்டுதான்," என்றேன்.

"அப்ப ப்ரூஃப் அனுப்புறேன், பாத்துட்டுச் சொல்லுங்க. நீங்க சொல்லாம நான் ஓட்ட மாட்டேன்," என்றார். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அதன் பிறகு பிற்பகல் மூன்று மணியளவில் ப்ரூஃப், அதாவது அச்சுக்கு முந்திய மாதிரிப் பக்கம், மெயிலில் வந்தது. அந்த நேரம் கடையில் பன்னிரண்டு பேர் நின்றார்கள், நான் கண்ணில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தட்டச்சு செய்து காட்டிக்கொண்டிருந்தேன் என்று முதலில் சொன்னேன். எத்தனை பேர் என்று அதிகாரி திரும்பக் கேட்டார். இரண்டு பேர். அதில் ஒருவர் நகல் எடுக்க வந்து மீதிச் சில்லறைக்காக நின்றவர். கைக்குட்டை கட்டியிருந்தது உண்மை. மெயில் வந்த சத்தம் கேட்டதும் கைக்குட்டையை ஒரு கண்ணுக்கு மேல் ஏற்றி, யார் என்று மட்டும் பார்த்தேன். இணைப்பைத் திறக்கவில்லை. "பிரமாதம், ஓடட்டும்" என்று பதில் அடித்து அனுப்பிவிட்டு, நின்றவர்களிடம், "நான் அனுப்பினா அங்க திருத்தம்னு ஒண்ணு வராது," என்றேன். சில்லறைக்காக நின்றவர் தலையாட்டினார்.

பின்னர் நான்கு மணிக்கு என் அக்கா மகள் போன் செய்தாள். மருத்துவமனைப் படிவத்தில் சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்றாள்.

"மாமா, ப்ரூஃப் வந்துச்சா? நான் ஒரு தடவ பாக்கணுமே."

"நான் பாத்தாச்சும்மா. ஒவ்வொரு எழுத்தா, வரிக்கு அடியில ஸ்கேல் வச்சுப் பாத்தேன்."

"ஸ்கேல் வச்சா?"

"என்னை என்னன்னு நெனச்ச?"

"சரி மாமா, அப்ப போட்டுடறேன்," என்றாள். அந்தப் படிவத்தில் அவள் போட்ட கையெழுத்து என் வார்த்தையை நம்பிப் போட்டது.

வியாழக்கிழமை அட்டைகள் வந்து, வெள்ளிக்கிழமை காலையில் வார்டில் மாட்டப்பட்டன. அன்று பத்தரை மணிக்கு வலிப்புடன் வந்த எட்டு கிலோ எடையுள்ள பெண் குழந்தைக்கு, அட்டையில் எட்டுக்கு எதிரே ஆறு என்று இருந்ததால், ஆறு மில்லி மருந்து கொடுக்கப்பட்டது. கொடுத்தது என் அக்கா மகள். குழந்தை தூங்கியது, அதன் பிறகு எழுப்பியும் எழவில்லை. மறுநாள் சனிக்கிழமை பிற்பகல்தான் கண் திறந்தது. இன்னும் அங்கேதான் இருக்கிறது. பால் குடிக்கிறது என்று சொல்கிறார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. வார்டு வாசல் வரை போனேன். அந்தக் குழந்தையின் அப்பா ஒரு சின்னச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை விசாரணைக்கு என் கடைக்கு அதிகாரிகள் வந்தபோது, ப்ரூஃப் யார் பார்த்தது என்று என்னைக் கேட்டார்கள். ப்ரூஃப் பார்ப்பது மருத்துவமனையின் பொறுப்பு, கையெழுத்து யாருடையதோ அவர்தான் பார்த்திருக்க வேண்டும் என்று பதில் சொன்னேன். கையெழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னேன். அந்தப் பதிலை இன்று திரும்பப் பெறுகிறேன். நேற்றுத் திங்கட்கிழமை மதியம் அவளை அழைத்துப் போனதற்கு அந்தப் பதில் ஒரு காரணம் என்று பின்னர் தெரிந்துகொண்டேன்.

நேற்று மாலை ஐந்து மணிக்கு என் அக்கா கடைக்கு வந்தாள். வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்து, மகளுடைய டிபன் பாக்ஸைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். நிலையத்தில் அவள் சாப்பிடாமல் திருப்பிக் கொடுத்தது என்றாள். பிறகு, "அவ யார் பேரையும் சொல்லல. நான்தான் கையெழுத்துப் போட்டேன்னு அதையே சொல்லிட்டு நிக்கிறா," என்றாள்.

"அச்சகத்துல என்ன பண்ணாங்களோ அக்கா."

"அச்சகத்தக் கேக்கல. அன்னைக்கு நீ போன்ல சொன்னப்ப நான் அவ பக்கத்துலதான் இருந்தேன். பாத்தேன்னு சொன்னியே தம்பி. பாத்தியா?"

"பாத்தேன் அக்கா," என்றேன்.

அக்கா என்னைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவள். கிணற்றில் முதலை பார்த்தேன் என்று நான் சொன்னபோதும் அவள்தான் எட்டிப் பார்த்தாள். நேற்று அவள் எழுந்துகொண்டாள். டிபன் பாக்ஸை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

அதன் பிறகு நான் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, புதன்கிழமை வந்த ப்ரூஃபை முதல் முறையாகத் திறந்தேன். இடப்பக்கம் "குழந்தையின் எடை கிலோகிராமில்" என்ற தலைப்பு இரண்டு வரியாக மடங்கியிருந்தது. அதனால் எடைகள் எல்லாம் ஒரு வரி இறங்கியிருந்தன. வலப்பக்கத் தலைப்பு சிறியது, மடங்கவில்லை. அதனால் அளவுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. கிலோகிராமில் என்ற சொல்லுக்கு எதிரே இரண்டு மில்லி. ஐந்துக்கு எதிரே நான்கு. எட்டுக்கு எதிரே ஆறு. பன்னிரண்டுக்கு எதிரே ஒன்பது. கடைசியில் பதினெட்டு கிலோவுக்கு எதிரே ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. ஸ்கேல் வேண்டாம், எழுத்தே வேண்டாம். தூரத்தில் நின்று பார்த்தாலே அந்த வெள்ளை தெரியும்.

ஆனாலும் அச்சகத்தில்தான் ஏதோ செய்தார்கள் என்று எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. எனவே என் கணினியிலிருந்து என் ஃபான்ட்டை நானே எடுத்துவிட்டு, நான் அனுப்பிய ஃபைலைத் திறந்தேன். என் கண் முன்னாலேயே தலைப்பு மடங்கியது, எடைகள் இறங்கின. மூன்று முறை செய்து பார்த்தேன். மூன்று முறையும் பதினெட்டுக்கு எதிரே வெள்ளைதான் வந்தது.

இன்று காலை அந்தக் கணினியை ஆட்டோவில் ஏற்றி இங்கே கொண்டுவந்து, அதிகாரி முன்னிலையில் அதையே மறுபடி செய்து காட்டினேன். அச்சகக்காரரின் மெயில், அதற்கு நான் அனுப்பிய பதில், அக்கா மகள் எழுதிய தாள் ஆகியவற்றுடன் ஒரு பென் டிரைவும் ஒப்படைக்கிறேன். அதில் என் ஃபான்ட் இருக்கிறது. சோதனைக்கு அனுப்பும் இடத்தில் அது இல்லாமல் நான் சொல்வது விளங்காது. எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் நகல் எடுத்துக்கொள்ளலாம்.

அந்த அட்டையைப் பற்றி என் அக்கா மகள் கேட்க வேண்டியதைக் கேட்டாள். நான் இல்லாததைச் சொன்னேன். பெருமைக்காகச் சொன்னேன் என்று எழுதினால் போதும் என்று அதிகாரியிடம் கேட்டுக்கொண்டேன்.

இதை நீதிமன்றத்துக்கு மெயிலில் அனுப்பப்போவதாக எழுத்தர் சொன்னார். திறந்த ஃபைலாக அனுப்ப வேண்டாம் என்று கேட்டேன். பிடிஎஃப் ஆக்கி, அதையும் ஒரு முறை திறந்து பார்த்தபின் அனுப்பும்படி கேட்டேன். அவர் என் முன்னாலேயே திறந்து பார்த்தார்.

இதன் ஐந்து பக்கங்களும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. அதற்குப் பிறகும் எழுத்தரின் ஸ்கேலை வாங்கி, வரிக்கு அடியில் வைத்து, நானே ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். பத்து மணி ஆகிவிட்டது என்று அதிகாரி இரண்டு முறை சொல்லியும் நிறுத்தாமல் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் கடையில் நின்றவர்கள் பன்னிரண்டு பேர் என்று நான் முதலில் சொன்னதும் அப்படியே இருந்தது. அது எழுத்தரின் பிழை அல்ல, என் வாய் போட்ட எண். இரண்டு என்பதே சரி என்று என் கையால் ஓரத்தில் எழுதி, சுருக்கொப்பம் இட்டேன். மற்ற அனைத்தும் நடந்தது நடந்தபடி உள்ளது. பார்த்தேன் என்று இங்கே நான் எழுதிக் கொடுப்பது, பார்த்த பிறகு எழுதிக் கொடுப்பது.

கையொப்பம்
டைப் மாமா எனப்படுபவர்