ஒற்றைச் சக்கர ஊர்வலம்

லெமுவல்: நேரா உக்காருடா ஹைரம்… நீ சாஞ்சா வண்டியும் சாயுது.

ஹைரம்: நான் எங்கே சாய்ஞ்சேன்? நீ தள்ளுற லட்சணம் அப்படி. மாவு மூட்டைகூட இதைவிட மரியாதையா போகும்.

லெமுவல்: மாவு மூட்டை வாய் பேசாது.

ஹைரம்: பந்தயம் கட்டினது யாரு? "தேர்தல்ல இந்த ஊர்ல எங்க ஆள் தோத்தா, ஹைரமை ஒத்தைச் சக்கர வண்டியில வெச்சு ஸ்டேஷன்லேர்ந்து கோர்ட்டு வாசல் வரைக்கும் நானே தள்ளுறேன்"னு சவரக்கடையில நாப்பது பேர் முன்னாடி…

லெமுவல்: நான்தான். என் வாய்தான். அதைத் தனியா வண்டியில ஏத்தி ஊரை விட்டு அனுப்பியிருக்கணும்.

ஹைரம்: சிரிச்சுக்கிட்டே தள்ளு, தலைவரே. பேக்கரி வாசல்ல ஆளுங்க நிக்குறாங்க.

கொர்னீலியா: நில்லுங்க லெமுவல்! நம்ம பேக்கரியில இப்பதான் சுட்ட ஆப்பிள் பை. தள்ளுறவருக்குப் பெருசு.

லெமுவல்: கை ரெண்டும் வண்டியில இருக்கே அம்மா…

ஹைரம்: இங்கே குடுங்க. அவன் பங்கையும் நானே கவனிச்சுக்கறேன்.

கொர்னீலியா: ஒரு நன்றிப் பேச்சு பேசுங்களேன் லெமுவல்… ஐயோ, வேணாம், வேணாம். பை ஆறிடும்!

லெமுவல்: பாத்தியா? ஓட்டே இல்லாத பொம்பளைகூட…

ஹைரம்: பொம்பளைங்களுக்கு ஓட்டுதான் குடுக்கலை, வாயாவது இருந்துட்டுப் போகட்டும். அவங்க சொன்னதுல தப்பென்ன? உங்க ஆளு, ஜனாதிபதிக்கு நிக்கிற மனுஷன். ஆயிரம் மைல் ரயில்ல வந்து, கடைசிப் பெட்டி வராந்தாவுல நின்னாரு. ஊரே தண்டவாளத்துல. நீ வரவேற்க ஆரம்பிச்சே…

லெமுவல்: நான் முடிக்கிறதுக்குள்ள ரயில் கிளம்பிடுச்சு. பாவம், வாயைத் திறந்தாரு, தொப்பியைத் தூக்கினாரு, சோளக்காட்டுல மறைஞ்சுட்டாரு. எனக்குத் தெரியாதா? அங்கே நின்னு பேசினவனே நான்தானே!

ஹைரம்: நம்ம இண்டியானா சோளத்தைப் பத்தி மட்டும் நாலு தடவை பேசினே.

லெமுவல்: அஞ்சு.

ஹைரம்: ஒத்த ஓட்டுடா லெம். இருநூத்திப் பதிமூணு, இருநூத்திப் பன்னெண்டு. அவரு ரெண்டு வார்த்தை பேசியிருந்தா இப்ப நான் தள்ளிக்கிட்டு இருப்பேன்.

லெமுவல்: எங்க ஆளுங்க தலையை எண்ணிப் பாத்துட்டாங்க. எவனோ ஒருத்தன் மாத்திப் போட்டிருக்கானாம். ஞாயித்துக்கிழமை சர்ச் விட்டதும் ஒவ்வொருத்தனா பைபிள்ல கை வெச்சு, நம்ம ஆளுக்குத்தான் போட்டேன்னு சத்தியம் பண்ணணுமாம்.

ஹைரம்: முதல்ல யாரு?

லெமுவல்: கட்சித் தலைவர். நான்.

ஹைரம்: சத்தியத்தையாவது சுருக்கமா முடி.

லெமுவல்: …ஹைரம். சனிக்கிழமை ரயிலுக்கு ஒரு டிக்கெட் எடுத்து வை. ஐயோவாவுக்கு. அக்கா வீட்டுக்கு.

ஹைரம்: போக வரவா?

லெமுவல்: போறதுக்கு மட்டும்.

ஹைரம்: என்னடா சொல்றே? உன் குதிரை லாயம்?

லெமுவல்: தம்பி பாத்துப்பான்.

ஹைரம்: வண்டியை நிறுத்து.

லெமுவல்: நடுத்தெருவுலயா? பின்னாடி பேண்டுக்காரங்க வராங்க. ஏறி மிதிச்சிடுவாங்க.

ஹைரம்: அப்போ தள்ளிக்கிட்டே கேளு. நல்லவேளை, நான் முன்பக்கம் பாத்து உக்காந்திருக்கேன். உன் முகத்தைப் பாத்து என்னால சொல்ல முடியாது…

லெமுவல்: என்ன, பை தீந்துடுச்சா?

ஹைரம்: விளையாடாதேடா! அன்னிக்கு ரயில் பத்து நிமிஷம் நிக்கணும்னுதான் தந்தி வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் நான்தானே… ஆறாவது நிமிஷமே பச்சைக்கொடி காட்டிட்டேன். உங்க ஆளு பேசக் கூடாதுன்னு. சின்ன புத்தி. பழி மொத்தமும் உன் தலையில விழுந்துடுச்சு.

லெமுவல்: ஒருத்தனும் கடிகாரம் பாக்கலையா?

ஹைரம்: உன் பேச்சைக் கேட்டவனுக்கு ஆறு நிமிஷம் அரை மணி நேரம் மாதிரி இருந்தது. மன்னிச்சுடுடா. கோர்ட்டு வாசல்ல எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். வேலை போனாலும் போகட்டும். முப்பது வருஷமா உன்கூடச் சீட்டாடுறேன், நீ போயிட்டா நான் யாரை ஏமாத்துவேன்? ஊரை விட்டுப் போகாதே… என்ன, சிரிக்கிறியா?

லெமுவல்: நீ கொடி தூக்கினதை நான் பாத்தேன்டா.

ஹைரம்: பாத்தியா! அப்பவே கத்தியிருக்கலாமே?

லெமுவல்: கத்தவா? கால்ல விழலாம்னு இருந்தது. நான் ஏன் பேசிக்கிட்டே இருந்தேன்னு நினைச்சே? "இதோ, நம்ம அடுத்த ஜனாதிபதி"ன்னு சொல்லி முடிக்கணும்… பேரு வரலை.

ஹைரம்: யார் பேரு?

லெமுவல்: அவர் பேருதான்! மூணு மாசமா தொண்டை கிழியக் கத்தின பேரு. என் முதுகுக்குப் பின்னாடி ரயில்பெட்டியில ஆள் உயரத்துக்கு எழுதித் தொங்குது. திரும்பிப் பாத்தா மானம் போச்சு. அதான் சோளத்தையே சுத்திச் சுத்தி வந்தேன். அப்போ உன் கொடி மேலே போச்சு… அதைவிட அழகா ஒரு துணியை நான் பாத்ததே இல்லை.

ஹைரம்: அடப்பாவி! இதுக்காகவா ராத்தூக்கம் இல்லாம கிடந்தேன்? சரி, அப்போ உனக்கென்ன பயம்? ஞாயித்துக்கிழமை சத்தியம் பண்ணிட்டு லாயத்தைப் பாரேன். எதுக்கு டிக்கெட்?

லெமுவல்: எப்படிடா சத்தியம் பண்ணுவேன்? உன் கையைப் பிடிச்சு நன்றி சொல்ல வெக்கமா இருந்தது… ஓட்டுப் போடுற இடத்துல திரைக்குள்ள யாரும் பாக்கலைன்னு, உங்க ஆளுக்கே போட்டுட்டேன்.