இரும்பு அலுமாரியின் திறப்பு

— நாளைக்குப் பத்து மணிக்கு பொலிஸ்காரன் வாறான், கலா. உம்மட்டைக் கேட்டால் தெரியாது எண்டு சொல்லும். விளங்குதோ?

— எது தெரியாது எண்டு?

— இந்தத் துவக்கு அலுமாரியின்ர திறப்பு எங்க கிடக்கெண்டு. லைசென்ஸ் எடுக்கிற ஆளிட்டை மட்டும்தான் அது இருக்க வேணும். பெண்சாதிக்கும் தெரியக்கூடாது. இந்த வெள்ளைக்காரன்ர நாட்டுச் சட்டம் அப்பிடி.

— உங்கட ஷேவிங் பெட்டிக்கை, பிளேட்டுக்குக் கீழ கிடக்கு.

— அதை எப்ப பாத்தனீர்?

— அலுமாரியைச் சுவரில பூட்டின அண்டைக்கே. உங்களுக்கு ஒரு சாமானை ஒளிக்கத் தெரியாது, இஞ்சாருங்கோ.

— சரி, இடத்தை மாத்திறன்.

— மாத்துங்கோ. பின்னேரத்துக்கிடையில கண்டுபிடிச்சிடுவன். மோர்டனில எங்கட சனம் வீடு வாங்குது, கடை வாங்குது. நீங்கள் பழைய ஆமித் துவக்கு வாங்குறியள்.

— அறுபத்தஞ்சு பவுண்தானே. அதுவும் சும்மா துவக்கில்லை, திறீ நோட் திறீ றைபிள். நான் ஊரில பொலிஸ் சார்ஜன்டா இருக்கேக்கை எங்கட ஸ்ரேசனில இருபத்திரண்டு நிண்டது, அதே சாதி. ஆறு மாசமா சூட்டுக் கிளப்பின்ர துவக்காலதான் கடதாசி இலக்குக்குச் சுடுறன். இனி எனக்கெண்டு ஒண்டு வேணும்.

— அந்த விரலை வைச்சுக்கொண்டோ?

— முறிஞ்சது இடக்கை விரல்தானே. முறிச்சது ஆர்? என்ர டிப்பார்ட்மென்ற்காரர். இயக்கப் பொடியள் ஒரு வெடி வைக்கேல்லை, ஒரு பூட்டு உடைக்கேல்லை. ஆயுத அறையைத் திறந்து இருபத்திரண்டையும் அள்ளிக்கொண்டு போட்டாங்கள். திறப்போ என்ர இடுப்பில. தமிழன், வித்துப்போட்டான் எண்டு அடிச்சாங்கள்.

— தெரியும்.

— உமக்கு என்ன தெரியும்? நாலு நாள். ஆர் திறந்தது, ஆர் திறந்தது எண்டு நாலு நாளாக் கேக்கேக்கை ஒரு மனுசன் என்ன செய்யிறது? ஜம்புநாதன்தான் அண்டைக்கு என்னோட டியூட்டியில நிண்டவன். அவன்ர பேரைச் சொன்னன்.

— அவனைக் கொண்டுபோட்டாங்கள்.

— கொல்லேல்லை, கொண்டுபோனாங்கள் எண்டு சொல்லும்.

— கொண்டுபோனவன் திரும்பி வந்தவனோ? அவன்ர மனுசி ஊர்க் கோயிலில என்னைக் கண்டால் மற்றப் பக்கத்தால போவாள்.

— அவன் செய்தான், அவன் பட்டான். ஒம்பது வருசமா எனக்கு இருக்கிறது அந்த ஒரு ஆறுதல்தான். என்னை நம்பித் தந்ததுகள் என்னாலை போகேல்லை. இனி ஒண்டை வாங்கி, பூட்டி, நானே காவல் நிப்பன். வெள்ளைக்காரப் பொலிஸ் வந்து, நீ நம்பக்கூடிய ஆள் எண்டு கடதாசியில எழுதித் தரட்டும். அது கூட உமக்குப் பொறுக்கேல்லை.

— அவனை வர வேண்டாம் எண்டு சொல்லுங்கோ.

— ஏன்? நியாயத்தைச் சொல்லும்.

— அவன் கேட்டால் என்னாலை பொய் சொல்ல ஏலாது.

— ஒரு சின்னப் பொய். அதைச் சொல்ல உமக்கு என்ன கஷ்டம், கலா?

— ஒம்பது வருசமா உங்களுக்குப் பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. ஜம்புநாதன் பாவம், அவனுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. நீங்கள் மத்தியானம் சாப்பிட்டிட்டு வந்து படுக்கேக்கை, உங்கட இடுப்பில இருந்த திறப்பைக் கழட்டி, சவுக்காரக் கட்டியில அச்செடுக்கச் சொல்லி இயக்கத்தில நிண்ட என்ர தம்பியிட்டைக் குடுத்தது நான்.