இன்னும் ஒரு பிடி

"டீச்சர், போதும்னு சொன்னா எங்கம்மா அழுவுறா. நீங்க வந்து கொஞ்சம் சொல்றீங்களா?"

பதினோரு வருஷத்துக்கு முன்னாடி எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு செண்பகம் என்கிட்ட கேட்ட கேள்வி இது. இந்தச் சமுதாய வளைகாப்புல வளையல் போட்டு வரிசையா உட்கார்ந்திருக்கிற உங்க முப்பது பேரையும் பார்த்ததும் அந்தக் குரல்தான் காதுல கேட்டுச்சு. சாப்பாடு தயாரா இருக்கு, வாசனை எனக்கும் வருது. அதுக்கு முன்னாடி செண்பகத்தோட கதையைச் சொல்லிடறேன்... சின்னக் கதைதான்.

அவளைக் கட்டிக் கொடுத்தது சங்கரன்கோவில்ல. ஏழாம் மாசம் வளைகாப்பு முடிஞ்சு தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கிளம்புறா. வாசல்ல மாமியார் அவ கையைப் பிடிச்சுப் பார்த்துட்டுச் சொன்னாங்க, "அங்க போயி மெலிஞ்சு வந்துராத தாயி. பெறந்த வீட்டுல பட்டினி போட்டாகன்னு ஊரு பேசும்."

வேடிக்கைக்குச் சொன்னதுதான். கூடியிருந்தவங்க சிரிச்சாங்க. ஆனா செண்பகத்தோட அம்மா பேச்சியம்மாவுக்கு அது சுருக்குன்னு பட்டுச்சு.

மறுநாளே ஆரம்பிச்சுட்டாங்க. காலையில நெய் மிதக்கற பொங்கல். பத்து மணிக்கு உளுந்தங்களி. மத்தியானம் சோறு, அதுக்கு மேல மறுசோறு. நாலு மணிக்கு அதிரசம். செண்பகம் தட்டுக்கு மேல கையை வச்சு மறைப்பா. பேச்சியம்மா அந்தக் கையை நகர்த்திட்டுப் போடுவாங்க. "ரெண்டு உசுருட்டி. இன்னும் ஒரு பிடி."

"மூச்சு முட்டுதும்மா."

"ஆமா, நான் போட்டா மூச்சுதான் முட்டும். உங்க மாமியா போட்டா எறங்கும்." சொல்லும்போதே கண்ணுல தண்ணி.

இதுக்கப்புறம் எந்தப் பொண்ணு வேண்டாம்னு எழுந்திரிப்பா? நீங்களே சொல்லுங்க.

ஆரம்ப சுகாதார நிலையத்துல நர்சம்மா எடை பார்த்தாங்க. "ஒரே மாசத்துல அஞ்சு கிலோவா? சோத்தையும் இனிப்பையும் குறைச்சு, காய், பயறு, முட்டை கூட்டுங்க. சாயங்காலம் அரை மணி நேரம் நடக்கட்டும். நாளைக்கே வந்து சர்க்கரை டெஸ்ட் எடுத்துருங்க."

பேச்சியம்மா திரும்பி வந்து என்கிட்ட பொருமித் தீர்த்தாங்க. "சர்க்கரையாம்லா டீச்சர். எங்க வம்சத்துலயே கிடையாது. அந்த நர்சு குச்சி மாதிரி இருக்கா, எம்மவளப் பார்த்தா அவளுக்கு வயித்தெரிச்சல். மாசமா இருக்கவ தெருவுல நடந்தா கண்ணு படாதா?"

டெஸ்டுக்குப் போகல. நடக்கவும் விடல.

அப்பதான் செண்பகம் காம்பவுண்டுச் சுவர் பக்கம் வந்து நின்னு அந்தக் கேள்வியைக் கேட்டா. நான் யாரு? முப்பத்தொரு வருஷம் எட்டாங்கிளாசுக்கு அறிவியல் நடத்துனவ. எதை எவ்வளவு சாப்பிடணும்னு கரும்பலகை நிறைய எழுதிப் போட்டவ. நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா... "அம்மா ஆசையாப் போடுறா, சாப்பிடும்மா. பெத்துட்டா எல்லாம் தானா இறங்கிரும்." சொல்லும்போது என் கையில பேச்சியம்மா கொடுத்த அதிரசம்.

அவ தலையை ஆட்டிட்டு உள்ள போனா.

பிரசவம் சிக்கலாச்சு. ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தாங்க. ஆம்பளைப் பிள்ளை, நாலு கிலோ முந்நூறு. ஆஸ்பத்திரி வராண்டாவுல போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம் பேச்சியம்மா பெருமையாச் சொல்றாங்க, "நாலு கிலோ முந்நூறு." உள்ள அந்தப் பிள்ளைக்கு ரத்தத்துல சர்க்கரை இறங்கிப்போய்த் தனி அறையில குளுக்கோஸ் ஏத்திக்கிட்டு இருக்காங்க. அஞ்சு நாள்... தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம்.

டாக்டர் அப்பதான் சொன்னார். கர்ப்பத்துல வர்ற சர்க்கரை இவளுக்கு இருந்திருக்கு, தாய்க்கு ஏறினதாலதான் பிள்ளைக்குப் பொறந்ததும் இறங்கிருச்சு, ஒன்றரை மாசம் கழிச்சு மறுபடியும் டெஸ்ட் எடுக்கணும்னு.

யார் போனா? பிள்ளைதான் நல்லாயிருச்சே. நாட்டுக்கோழி, நெய், லேகியம்னு சாப்பாடு தொடர்ந்துச்சு. பிள்ளைக்கு அஞ்சாம் மாசம் சங்கரன்கோவில்ல கொண்டுபோய் விட்டப்ப மாமியார் அசந்துட்டாங்க. "நல்லாப் பாத்திருக்கீக மதினி." பேச்சியம்மாவுக்கு ஊர் வந்து சேர்ற வரைக்கும் அந்த ஒரு வார்த்தைதான் வாயில.

செண்பகத்துக்கு எடை இறங்கல. தானா இறங்கிரும்னு சொன்னேனே... இறங்கல. மூணு வருஷம் கழிச்சு மறுபடியும் உண்டானா. மூணாம் மாசத்துல அது தங்காமப் போச்சு. டெஸ்ட் எடுத்தா சர்க்கரை ஏகத்துக்கு இருக்கு. காரணம் அதுதான்னு டாக்டர் அடிச்சுச் சொல்லல. "எத்தனை நாளா இவ்வளவு சர்க்கரை இருக்கு?"ன்னு மட்டும் கேட்டார். சொல்ல யாருக்கும் தெரியல. யாரும் பார்க்கவே இல்லையே.

அன்னைக்குப் பேச்சியம்மா என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாங்க. "பெத்த பிள்ளைக்குச் சோறுதானே டீச்சர் போட்டேன்"னாங்க. அவங்க முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்ல.

தாய்மார்களே, பேச்சியம்மா கெட்டவங்களா? அந்த மாமியார் கெட்டவங்களா? இல்ல. மகள் பூரிச்சுத் திரும்பினாதான் பொறந்த வீட்டுக்கு மரியாதைன்னு ஒரு நினைப்பு நமக்கு இருக்கு. அதைத்தான் எல்லாருமா சேர்ந்து அவளுக்கு ஊட்டினோம். நான் யாரையும் பட்டினி கிடக்கச் சொல்லல. குண்டா இருக்கிறது குத்தமும் இல்ல. மெலிஞ்சவளுக்குக் கொஞ்சம் கூடுதலா வேணும், பருத்தவளுக்கு அளவா வேணும். எவ்வளவுன்னு நர்சம்மாகிட்ட கேளுங்க. உண்டாகறதுக்கு முன்னாடியும் கேளுங்க, பெத்த பிறகும் கேளுங்க. ஆனா வயிறு நிறைஞ்சது யாருக்குத் தெரியும்? சாப்பிடறவளுக்குத்தான் தெரியும். அவ சொன்னா... அதை நம்பணும். நான் நம்பல.

கூட வந்திருக்கிற அம்மாக்களே, மாமியார்களே, இன்னைக்கு ராத்திரி வீட்டுல சாப்பிட உட்காரும்போது ஒரே ஒரு காரியம் பண்ணுங்க. கரண்டியை மாசமா இருக்கவ கையில கொடுத்து, அவ தட்டுல அவளையே போட்டுக்க விடுங்க.