பார்க்க மட்டும்

கணவன்: …இந்தக் கட்டத்துல ஒரு டிக். அவ்வளவுதான். நம்ம நூலகத்து மெயின் கேட்டலாக் மாதிரியே சிறுவர் பிரிவு கேட்டலாக்லயும் இனிமே நீ எழுதலாம்.

மனைவி: ஐயோ, டிக் பண்ணிடாதீங்க!

கணவன்: ஏம்மா?

மனைவி: ‘பார்க்க மட்டும்’னு இருக்குல்ல, அப்படியே இருக்கட்டும். எனக்கு மெயின் ஒண்ணே போதும்.

கணவன்: புதுப் புத்தகம் மூட்டை மூட்டையா வந்து கிடக்கு. தலைமை நூலகர் மேடம் உன்னைத்தான் ஏத்தச் சொல்றாங்க…

மனைவி: சிஸ்டம் மக்கர் பண்ணுதுன்னு சொல்லிடுங்க.

கணவன்: சிஸ்டத்தைப் பாத்துக்கறவனே நான்தான். என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கணுமா?

மனைவி: வீட்டுலதான் என் பேச்சைக் கேக்கறதில்ல, ஆபீஸ்லயாவது…

கணவன்: பேச்சை மாத்தாதே. எதுக்குப் பயப்படறே?

மனைவி: …தலையில ஆபரேஷன் ஆகறதுக்கு முன்னாடி கண்ணை மூடிக்கிட்டே அடிப்பேன். இப்போ ஒரு புத்தகத்தோட எண்ணைப் பாத்துட்டுத் திரும்பறதுக்குள்ள மறந்து போகுது. திரும்பத் திரும்பப் பாத்துதான் அடிக்கறேன்.

கணவன்: மெயின்ல மட்டும் அடிக்கறியே! அங்க என்ன கெட்டுப் போச்சு?

மனைவி: மெயின்லயா? ம்ஹும்…

கணவன்: என்ன சிரிப்பு?

மனைவி: நான் அடிக்கறது எங்க மெயினுக்குப் போகுது? பயிற்சிக்குன்னு வச்சிருக்கற நகலுக்குப் போகுது. நீங்க வீட்டுல உக்காந்து திருத்தி, மெயின்ல ஏத்தறீங்க.

கணவன்: யாரு… உனக்கு யாரு சொன்னா?

மனைவி: வேலைக்குத் திரும்பின புதுசுல சமையல் புத்தகம் ஒண்ணை வேணும்னே வானியல்ல போட்டேன். மறுநாள் மெயின்ல பாத்தா, சமத்தா சமையல்ல உக்காந்திருக்கு!

கணவன்: அடிப்பாவி! அதைப் பாத்து எனக்கு அழுகையே வந்துடுச்சு.

மனைவி: தெரியும். கண்ணுல தூசின்னீங்க.

கணவன்: கோபம் வரலையா?

மனைவி: முதல்ல வந்துது. அப்புறம்… பின்னாடி நீங்க இருக்கீங்கங்கற தைரியத்துலதான் அடிச்சேன். சிறுவர் பிரிவுக்கு நகல் கிடையாதே. நான் தப்பா ஏத்தினா, ஏதாவது ஒரு குழந்தை தேடி வந்து, புத்தகம் இருந்தும் வெறுங்கையோட போகும். அது வேண்டாங்க.

கணவன்: நான் பாத்துக்க மாட்டேனா?

மனைவி: எத்தனை நாளைக்கு? கண்ணாடியைக்கூட கழட்டாம எத்தனை ராத்திரி தூங்கிப் போயிருக்கீங்க!

கணவன்: கொஞ்ச நாளா சீக்கிரமே கழட்டி வச்சுட்டுப் படுத்துடறேனே, கவனிச்சியா?

மனைவி: ஆமா… உடம்புக்கு ஏதோன்னு உள்ளுக்குள்ள பயந்துக்கிட்டிருந்தேன்.

கணவன்: திருத்த எதுவும் இல்லம்மா… உன் பதிவுல தப்பே வரலைன்னு அந்த நகலைக் கொஞ்ச நாள் முன்னாடியே எடுத்துட்டேன். நீ அடிக்கறது நேரா மெயினுக்குத்தான் போகுது, ஒண்ணைக்கூட நான் தொடலை.