காணாமற்போன பட்டியும் அதன் காவலரும்

மேடையில் வீற்றிருக்கும் ஊர்க்கூட்டத் தலைவர் லொர்னா பிக்னெல் அவர்களே, துயரத்திலும் நிமிர்ந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் திருமதி கொரின் திபோ அவர்களே, வரலாற்றுச் சங்கத்து நண்பர்களே, பனியை ஒதுக்கிக்கொண்டு வந்து இந்தக் கூடத்தை நிறைத்திருக்கும் ஹாஸ்கின்ஸ் ஊர் மக்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் கல்லூரியில் வரலாறு கற்பிப்பவள். நம் சங்கத்தின் செயலாளர். புகழுரைகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. இறந்தவரெல்லாம் குறையற்றவர் என்றால் இந்த ஊரில் இத்தனை எல்லைத் தகராறு எப்படி வந்தது என்று கேட்கும் ரகம் நான். டாக்டர் ஆல்டன் திபோவுக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே இன்று நான் கண்ணால் கண்டதையும் சரிபார்த்ததையும் மட்டுமே சொல்லப் போகிறேன். அதற்குக் குறைவான மரியாதையை அவர் ஏற்கமாட்டார்.

அவர் கால்நடை மருத்துவர். உங்கள் தொழுவங்களில் அவர் கை படாத பசு உண்டா? பனிப்புயலில் அவரை எழுப்பாத வீடு உண்டா? அந்த ஆல்டன் திபோவை உங்களுக்குத் தெரியும். நான் பேச வந்தது ஓய்வு பெற்ற பிறகு வந்த ஆல்டன் திபோவைப் பற்றி. பட்டிக் காவலர் ஆல்டன் திபோவைப் பற்றி!

ஒவ்வொரு மார்ச் மாதமும் ஊர்க்கூட்டத்தில் பள்ளிக்கும் சாலைக்கும் சண்டை போட்டு முடித்த பிறகு, யாருக்கும் வேண்டாத பழைய பதவிகளை நாம் நிரப்புகிறோம். வேலி பார்ப்பவர். விறகு அளப்பவர். வழிதவறித் திரியும் மாடுகளை அடைத்து வைக்கும் பட்டிக்குக் காவலர். யாரைக் கிண்டல் செய்ய வேண்டுமோ அவர் தலையில் கட்டிவிட்டுச் சாப்பிடப் போகிறோம். அந்த ஆண்டு எழுந்தவர் நம் சாலைப் பொறுப்பாளர் ராய்ஸ் புஷே. இதோ, பின்வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார்.

“டாக்டர் வீட்ல சும்மாவே இருக்காராம். கொரின் அம்மா பாவம், எத்தன நாள்தான் தாங்குவாங்க? பட்டிக் காவலரா போட்டுருவோம்!”

கூடமே சிரித்தது. ஆல்டன் எழுந்தார். சிரிக்கவில்லை.

“சரிப்பா, ஏத்துக்கறேன். பட்டி எங்க இருக்கு?”

நூறாண்டுகளாக இந்த ஊர் ஒரு பட்டிக்குக் காவலரை நியமித்து வந்திருக்கிறது. அந்தப் பட்டி எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை!

அன்று தொடங்கியது தேடல். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரோடு நடந்து நாங்களும் அலைந்தோம். தேடியது கிடைக்கவில்லை, தேடாததெல்லாம் கிடைத்தது. குதிரைகள் நீர் குடித்த கல்தொட்டி, சவ வண்டி நிறுத்திய சின்னக் கொட்டகை, கூரைச் சரிவுக்கு ஏற்பச் சாய்த்து வைத்த ஜன்னல்கள். தினமும் அவற்றைக் கடந்து போனவர்கள் நாம். வண்டியை நிறுத்திப் பார்த்தவர் அவர்.

முதலில் அவர் தவறினார். இதையும் நான் சொல்லத்தான் வேண்டும். தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு கற்சதுரம் இருக்கிறதல்லவா? அதுதான் பட்டி என்று முடிவு கட்டி, தம் கையாலேயே பலகை செய்து திருகினார். திறப்பு விழா, ஆப்பிள் பலகாரம், கைதட்டல் எல்லாம் நடந்தது. நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: “டாக்டர், இந்த வாசல்ல மாடு நுழையுமா?”

வேறொருவராக இருந்தால் என்னோடு பேச்சை நிறுத்தியிருப்பார். அவர் மறுநாள் ஒரு பசுவோடு வந்தார்! முன்னால் இழுத்தார், பின்னால் தள்ளினார், ஓட்ஸ் காட்டினார். அது வாசலில் வயிறு முட்டி நின்று, அவரைப் பரிதாபமாகப் பார்த்தது.

“ஒனக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலயேம்மா” என்று பசுவிடம் சொன்னார். பையிலிருந்து திருப்புளியை எடுத்து, அங்கேயே பலகையைக் கழற்றினார். அது எரிந்துபோன ஒரு வீட்டின் நிலவறை. நண்பர்களே, பலகை வைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தாம் வைத்த பலகையைத் தாமே கழற்றியவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

பிறகு அவர் மருத்துவராக யோசித்தார். அடைத்த மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். குளிர்காலத்தில் எந்தக் காவலர் மலையேறி வாளி சுமப்பார்? ஆகவே ஊற்றைத் தேடினார். ஊற்று ஊற்றாகப் போய், கடைசியில் சாலைத் துறையின் முற்றத்துக்குப் பின்னால், காட்டுத் திராட்சைக் கொடிக்கும் துருப்பிடித்த பனிக்கலப்பைகளுக்கும் அடியில், அதைக் கண்டார். மாட்டின் தலைக்கு மேல் உயர்ந்த நான்கு சுவர்கள். இரண்டு மாடு சேர்ந்து நுழையும் வாசல். நிலைக்கல்லில் கதவு தொங்கிய இரும்பு முளைகள். நான் சந்தேகப்பட்டேன், அளந்தேன், பக்கத்து ஊர்களின் பட்டிகளோடு ஒப்பிட்டேன். சந்தேகம் தோற்றது. அதுதான் நம் பட்டி.

ராய்ஸ் என்ன சொன்னார்? “டாக்டர், அது வெறும் கல்லுக் குவியல். அங்கதான் உப்புக் கொட்டகை வரப்போவுது.”

ராய்ஸைக் குறை சொல்ல நான் எழவில்லை. பனி உருகச் சாலையில் தூவும் உப்பு சென்ற குளிர்காலத்தில் நனைந்து இறுகியதும், பள்ளிப் பேருந்து பள்ளத்தில் இறங்கியதும் நமக்கெல்லாம் தெரியும். கொட்டகை வேண்டும். ஆனால் டீசல் தொட்டிக்கு அப்பாலும் அதற்கு இடம் இருக்கிறது. அங்கே பாறையை உடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வாதம் சூடாக இருந்த கோடையில்தான் ராய்ஸின் கிடேரி வேலி தாண்டியது. நூலகத்தின் பூப்பாத்தியை மேய்ந்துகொண்டிருந்ததை ஆல்டன் கண்டார். கயிறு போட்டார். பட்டியில் அடைத்தார். வாசலில் மரச்சட்டங்களை வைத்துக் கட்டி, வைக்கோலும் தண்ணீரும் வைத்து, பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்ந்தார். நான் அங்கே இருந்தேன். ராய்ஸ் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“டாக்டர், கிடேரிய அவுத்து விடுங்க. அதுவே வீட்டுக்கு வந்துரும்.”

“அது சட்டமில்லப்பா. சொந்தக்காரன் நேர்ல வரணும்.”

“வெளயாடாதீங்க. எனக்கு வேல இருக்கு.”

“எனக்கும்தான். ஊரே ஓட்டுப் போட்டுக் குடுத்த வேல. நீதான் முன்மொழிஞ்ச!”

ராய்ஸ் வந்தார். லாரிக் கதவை அறைந்து சாத்தினார்.

“எங்க என் கிடேரி?”

“கல்லுக் குவியல்ல தேடிப் பாரு.”

“டாக்டர்…”

“கல்லுக் குவியல்ல மாட்ட அடைக்க முடியாது ராய்ஸ். அது எங்க நிக்குது? நீயே சொல்லு.”

ராய்ஸ் மரச்சட்டங்களுக்கு மேல் எட்டிப் பார்த்துச் சொன்னார்: “பட்டில.”

“யாரோட கிடேரி?”

“என்னோடதுதான். வேற யாரோடது!”

“அவ்ளோதான். கூட்டிட்டுப் போ. தண்ணி காட்டியாச்சு.”

அந்தச் சுவரில் என்ன பெருமை இருக்கிறது? நேர்மையாகச் சொல்கிறேன்: அங்கே போர் நடக்கவில்லை. பெரிய மனிதர் எவரும் தங்கவில்லை. தங்கள் பிள்ளைகளுக்கே போதிய உணவில்லாத மனிதர்கள் அதைக் கட்டினார்கள். வழிதவறி வந்த விலங்கு யாருடையதாக இருந்தாலும், பிடிக்காத அண்டைவீட்டானுடையதாக இருந்தாலும், உரியவர் வரும்வரை அது பட்டினி கிடக்கக்கூடாது என்று கூடிப் பேசி முடிவு செய்தார்கள். முடிவு செய்ததோடு நிற்காமல் கல் சுமந்தார்கள். இந்த ஊர் சேர்ந்து செய்த முதல் நல்ல காரியம் அது. இதைவிடப் பெருமை எந்தக் கல்லுக்கு வேண்டும்?

வரும் செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டம். பட்டியை இடிப்பதா வேண்டாமா என்று அங்கே வாக்கெடுக்கப் போகிறோம். பேசுவதற்கு ஆல்டன் தயாராகத்தான் இருந்தார். அவருடைய இதயம் தயாராக இல்லை. மண் உறைந்து இறுகிக் கிடப்பதால் அடக்கம் மே மாதத்தில்தான். அதுவரை இடுகாட்டின் கல்லறைக் கூடத்தில் அவர் காத்திருப்பார். ஒரு நடையில் அதையும் எங்களுக்குக் காட்டி, “இங்க பணக்காரனுக்கும் வசந்தம் வந்தாத்தான் வழி” என்று சிரித்தவர் அவர். வசந்தத்தில் அவரை நாம் மண்ணில் இறக்கும்போது பட்டி நின்றுகொண்டிருக்க வேண்டும். இது என் வேண்டுகோள் அல்ல, என் உறுதி.

இன்று வாசலில் ராய்ஸ் என்னை நிறுத்தினார். “பட்டிக் காவலர் எடம் காலியாருக்கு. செவ்வாக்கிழமை ஒங்க பேர நான்தான் முன்மொழிவேன். ஆனா ஒண்ணு, கொட்டகைக்குத்தான் ஓட்டுப் போடுவேன். அப்பறம் கோவிச்சுக்கக்கூடாது” என்றார். கோபமில்லை ராய்ஸ். முன்மொழியுங்கள். நான் ஏற்கிறேன். இம்முறை கூடம் சிரித்தாலும் ஏற்கிறேன். டாக்டர் விட்டுச் சென்ற ஞாயிற்றுக்கிழமை நடைகளை நான் தொடர்வேன். தவறான பலகை வைத்தால் கழற்றுவேன். பாறை உடைக்கும் செலவுக்கு வீடு வீடாக வருவேன். உங்கள் வீட்டுக்கும் வருவேன், ராய்ஸ்.

ஆனால் ஒன்றை என்னால் செய்ய முடியாது. ஊர்க்கூட்டத்தில் வாக்கைத் தபாலில் அனுப்ப முடியாது, தொலைபேசியில் சொல்ல முடியாது. கூடத்தில் நின்று கை உயர்த்தியவர்களுக்கே கணக்கு. என்னால் என் ஒரு கையைத்தான் உயர்த்த முடியும்.

நண்பர்களே, இன்று வழிதவறி நிற்பது மாடல்ல, அந்தப் பட்டிதான். நூறாண்டுகளாக உரியவர் வராமல் கொடியின் அடியில் நின்றது. ஒரே ஒரு மனிதர் அதற்குக் காவல் இருந்தார். அவரும் போய்விட்டார். இனி அதை யார் மீட்பது? பட்டிக் காவலர் ஆல்டன் திபோ வைத்த சட்டம் உங்களுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை, இதே கூடம். அது உங்களுடையது என்றால், நேரில் வந்து சொல்லுங்கள்.