மூணாவது போஸ்ட்

பெல்ட் கட்டின அந்தத் தம்பியக் கொஞ்சம் நிப்பாட்டுங்க. டிலக்சனா பேரு? இந்த மூணாவது போஸ்ட்டுல ஏறாம நிழலுக்கு வரட்டும். கரண்ட நிப்பாட்டித்தான் இரிக்கி, தெரியும். நான் கரண்டுக்குச் சொல்லல்ல.

இஞ்சினியரா நீங்க? நல்லம். நாலஞ்சு பேர் வந்து போயிரிக்காங்க, ஒருத்தரும் போஸ்ட்டுட அடியத் தோண்டிப் பாக்கல்ல. நீங்க பாத்தீங்க. ஓம், உக்கல்தான். மரப் போஸ்ட் மண்ணும் காத்தும் முட்டுற இடத்துலதான் உக்கும்.

எனக்கு எப்பிடித் தெரியுமா? இருவத்தாறு வருசம் போஸ்ட் நட்ட ஆள் தம்பி நான். கரண்ட் வேலைய எடுத்துச் செய்யுற கொந்தராத்துக்காரர் ஒருவரிட்ட ஓவசியர். இந்த ஒழுங்கையில நிக்கிற ஒம்பதும் நாங்க நட்டதுதான்.

கணக்கு லேசு. நீளத்துல பத்துல ஒரு பங்கு, அதோட ரெண்டடி. முப்பதடிப் போஸ்ட்டுக்கு அஞ்சடி. சம்மாந்துறை வயல் பக்கம் களிமண், அஞ்சடி நட்டா ட்ரெக்டர் இடிச்சாலும் அசையாது. இது கடக்கர மணல், ஆறு வேணும். ஆனா நாலடியில தண்ணி வந்திரும், அள்ள அள்ள மணல் சரியும். அதுக்கு அடி வெட்டின தார்ப் பீப்பாவ மொதல்ல எறக்கணும். அது மணலப் பிடிச்சிக்கும், உள்ளுக்கு நிண்டு தோண்டலாம்.

தனியத்தான் இரிக்கன். மகள் முஸ்பிறா சம்மாந்துறையில. வாங்க வாப்பா, வாங்க வாப்பா எண்டு போன் எடுத்து எடுத்துக் களைச்சிட்டா, இப்ப பெருநாளைக்கு மட்டும்தான் எடுக்கிற. மருமகனோட எனக்குக் கோவம் எண்டு ஊர்ல கதை. தங்கமான மனிசன் அவர். போனா ஏன் வந்த எண்டு கேக்க மாட்டார்.

இந்த ஊடு எனக்குச் சொந்தமில்ல தம்பி. வாடகைக்குப் பதினொரு வருசம். என்ட ஊடு மருதமுனையில, பூட்டிக் கிடக்கு. பொஞ்சாதி றுகையாவும் ரெண்டு வருசம் என்னோட இஞ்ச இருந்தவ. மறுகா சீனி வருத்தம் கூடி, மகள் வந்து கூட்டிட்டுப் போயிட்டா. நீங்களும் வாங்க எண்டு றுகையா வாசல்ல நிண்டு கேட்டவ. பொறகு வாறன் எண்டன்.

காத்து அடிச்சிதே, நாலு வருசத்துக்கு முந்தி, அண்டைக்கு மத்தியானம் லுஹர்த் தொழுகையோட மகள் போன் எடுத்தவ. உம்மாக்கு ஏலாம இரிக்கி, உங்களத்தான் கேக்கிறா எண்டு. பஸ் ஓடினதுதான். நான் போகல்ல. பின்னேரம் அசருக்குப் பொறகு காத்து அடங்கித்தான் போன. அவவுட உசிரு போய், குளிப்பாட்டியும் முடிச்சிட்டாங்க.

இல்ல தம்பி, மரம் விழுந்து ரோட்டு மறிச்சதால இல்ல.

என்ன எழுதுறீங்க? இரும்புச் சட்டமா? அடியில ரெண்டு பக்கமும் இரும்பு வச்சு இறுக்கினா இன்னும் பத்து வருசம் நிக்கும். மெய்தான். மத்த எட்டுக்கும் அதச் செய்யுங்க, நான் குறுக்க வரல்ல. ஆனா மண்ணுக்குள்ள ஆறடி இருந்தாத்தானே இரும்புக்கு வேல.

ஓம், ஆழம் பாக்க மரத்துல சுட்ட அடையாளம் நெஞ்சளவுக்கு நிக்கிது, நானும் பாக்கிறன். அடியிலிருந்து பத்தடியில சுட்டிருப்பாங்க, நாலு வெளிய தெரிஞ்சா ஆறு உள்ளுக்கு. உங்கட புத்தகத்துலயும் ஆறு எண்டுதான் கிடக்கும். அது என்ட கையெழுத்து.

இத நட்டது ஹஜ்ஜிப் பெருநாளைக்கு முதல் நாள். பீப்பா வரல்ல. ஒழுங்கை முழுக்க இருட்டு, பெருநாளைக்கு லைட் எரியணும் எண்டு சனம் கூடி நிக்கிது. புண்ணியமூர்த்தி எண்டு காரைதீவு ஆள், குழிக்குள்ள நிண்டவர். நாலரை அடியில ரெண்டு பக்கமும் மணல் சரிஞ்சு இடுப்பு வரைக்கும் மூடிட்டு. கயிறு போட்டு இழுத்தெடுத்தம். அவருட முகத்தப் பாத்த பொறகு இன்னொருத்தர எறக்க எனக்கு மனசு வரல்ல. வாளக் கொண்டாங்க எண்டன். போஸ்ட்டுட அடியில ஒண்டரை அடி அறுத்த. அறுத்தா அடையாளம் சரியான உயரத்துல நிக்கும், ஒருத்தருக்கும் தெரியாது. உக்காம இரிக்க ஏத்துற மருந்து எட்டாத நடு மரம் தண்ணிக்குள்ள போகும். அதுவும் எனக்குத் தெரியும்.

பெருநாள் முடிய பீப்பாவோட வந்து திருப்பி நடுவம் எண்டுதான் நெனச்ச. அடுத்த கிழம எங்கள வேற ஊருக்கு அனுப்பிட்டாங்க. சொல்லப் போவன், உங்கட கரண்ட் கந்தோர்ப் படி வரைக்கும் போவன், திரும்பி வந்திருவன். கடைசியில வேலைய உட்டுட்டு, இதுக்கு முன்னால ஊடு எடுத்த. சாஞ்சா ஆக்கள மறிக்கலாமே. காத்தடிச்ச அண்டு மதரசாவுக்கு ஓதப் போன புள்ளைகள உடுற நேரம். ரோட்டுக்கு நடுவுல நிண்டு ஒவ்வொண்டாச் சுத்து வழியால அனுப்பின.

அறுத்த துண்டு என்ட கட்டிலுக்குக் கீழ கிடக்கு. அளந்து பாருங்க. நாலரை எண்டு எழுதி, கீழ என்ட பேரப் போடுங்க. ஆதம்லெவ்வை.

இல்ல, வேற ஒருத்தருக்கும் சொன்னதில்ல. றுகையாக்கும் சொல்லல்ல. தன்னோட இரிக்க எனக்கு விருப்பமில்ல எண்டு நெனச்சிக்கிட்டேதான் அவ மௌத்தான.