மழைப்பூனைக்கு வயது பதிமூன்று

உங்கள் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், அதை முதலில் கிழித்துப் போடுங்கள். காவல் நிலையத்திலேயே இப்படி என்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை நான் என்ன சொல்லித் திட்டுவது?

சொல்கிறேன், மேடம். சொல்லத்தானே உட்கார்ந்திருக்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். அவசரப்படுத்தினால் நடுவில் ஏதாவது விட்டுப்போய், என்னைப் பற்றித் தப்பான அபிப்பிராயம் வந்துவிடும். கதவைச் சாத்தச் சொல்லுங்கள். வெளியே பெஞ்சில் என் அக்கா இருக்கிறாள். மகளைக் காணவில்லை என்று தெரிந்ததிலிருந்து அவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. யாராவது வாங்கிக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

நான் கம்ப்யூட்டர் டீச்சர். இணையத்தில் பத்திரமாக இருப்பது எப்படி என்ற வகுப்பை என் தலையில் கட்டினார்கள். மற்றவர்களுக்கு அது பேப்பர் திருத்துகிற பீரியட். நான் அப்படி இருக்கவில்லை. முகம் தெரியாதவர் பார்க்கலாம் என்று கூப்பிட்டால், நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் கேட்காமல் போகாதே. தெரியாத வண்டியில் ஏறாதே. மனதுக்குச் சரியாகப் படவில்லை என்றால் வண்டியின் நம்பரைப் படம் எடுத்து, நீ நம்புகிற ஒருவருக்கு உடனே அனுப்பு. இவற்றைத்தான் கரடியாகக் கத்தினேன்.

பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். "மிஸ், நாங்க என்ன பச்சக் குழந்தைங்களா? யாராவது கூப்பிட்டா உடனே போயிடுவோமா?" என்று ஒருத்தி கேட்க, வகுப்பே சிரித்தது. அதிகம் சிரித்தவள் என் அக்கா மகள்தான். வீட்டில் அவளைச் சுண்டு என்போம். நானும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். சின்ன வயதில் என் மடியில் படுத்துக்கொண்டு எறும்பு கடித்ததைக்கூட ஒரு கதையாகச் சொல்வாள். கொஞ்ச காலமாக அறைக் கதவு சாத்தியே கிடந்தது. என்னடி என்றால், "ஒண்ணுமில்ல சித்தி" என்பாள். அந்த "ஒண்ணுமில்ல" எனக்கு எவ்வளவு வலித்தது என்று யாருக்கும் தெரியாது.

வாயால் சொன்னால் ஏறாது, பட்டுத்தான் தெரிந்துகொள்வார்கள் என்று தோன்றியது. பக்கத்து வீட்டுப் பூனை மழையில் நனைந்து ஜன்னலில் உட்கார்ந்திருந்தபோது ஒரு படம் எடுத்திருந்தேன். அந்தப் படத்தை வைத்து ஒரு கணக்கு தொடங்கினேன். பெயர் மழைப்பூனை, வயது பதிமூன்று, வேறு பள்ளி மாணவி. என் வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் நட்பு அழைப்பு அனுப்பினேன். தீயணைப்பு ஒத்திகை நடத்துவதில்லையா, அது மாதிரிதான். தவறாக ஒரு வார்த்தை பேசியதில்லை, ஒரு படம் கேட்டதில்லை. சிலர் யோசிக்காமல் தடுத்துவிட்டார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது. மற்றவர்களுக்குச் சீக்கிரமே சலித்துப்போயிற்று.

சுண்டு மட்டும் தங்கிவிட்டாள்.

விஷயத்தை வகுப்பில் போட்டு உடைத்துவிடுவதாகத்தான் இருந்தேன். ஆனால் அவள் பேச ஆரம்பித்திருந்தாள், மேடம். அப்பா அம்மா சண்டை, கணக்குப் பரீட்சை பயம், தோழி ஒருத்தி பேசாமல் போனது, எல்லாமே எனக்கு வந்தது. என்னைப் பற்றிக்கூட ஒருநாள் எழுதினாள். "எங்க சித்தி பாவம். எல்லாத்துக்கும் பயப்படுவாங்க. அவங்களுக்குன்னு யாருமே இல்ல." அப்படியானால் சித்தியிடம் மனம் விட்டுப் பேசலாமே என்று மழைப்பூனை கேட்டாள். "பேசலாம். ஆனா உடனே பாடம் எடுக்க ஆரம்பிச்சிடுவாங்க" என்று பதில் வந்தது. அன்று சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து எதுவும் தெரியாததுபோல் அவளுக்குப் பரிமாறினேன்.

பிறகு அவள் எழுதுவது குறைந்தது. கேட்டால் ஒற்றை வார்த்தையில் பதில். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதனால் கடைசிப் பரீட்சையை வைத்தேன். சனிக்கிழமை நூலக வாசலில் சந்திக்கலாம் என்று மழைப்பூனை கூப்பிட்டாள். சுண்டு "பாக்கலாம்" என்று மட்டும் பதில் போட்டாள்.

அன்று மாலை நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். சுண்டு வந்து கதவோரம் நின்றாள்.

"சித்தி, ஒண்ணு கேக்கணும். திட்டக்கூடாது. ஃபோன்ல பழக்கமான ஒரு பொண்ணு சனிக்கிழமை நேர்ல பாக்கலாம்னு கூப்பிடுறா. போகட்டுமா?"

பார்த்தீர்களா? அவ்வளவு சிரித்தவள் நான் சொன்னபடியே வந்து கேட்டாள். அதுவும் அம்மாவை விட்டுவிட்டு என்னிடம். நான் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருந்தேன்.

"யாரு, எங்கன்னு கேக்க மாட்டீங்களா?" என்று அவளே கேட்டாள்.

கேட்டிருக்கலாம். வகுப்பில் அந்தக் கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பேன். எனக்குத்தான் பதில் தெரியுமே என்று விட்டுவிட்டேன். "எனக்கு உன்மேல நம்பிக்கை இருக்குடா. அவ நல்ல பொண்ணாத்தான் இருப்பா. போயிட்டு வா, அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றேன். பின்னாலிருந்து என்னைக் கட்டிக்கொண்டாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு.

நேற்று புதுப் புடவை கட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். அவள் வருவாள், என்னைப் பார்த்துத் திகைப்பாள், "மழைப்பூனை நான்தாண்டி" என்பேன், கொஞ்சம் அழுவாள், அப்புறம் சிரிப்பாள். இனி எல்லாவற்றையும் என்னிடமே நேரடியாகச் சொல்வாள். இப்படித்தான் நினைத்திருந்தேன். நான் வெகுநேரம் நின்றதாக நூலகக் காவலாளி உங்களிடம் சொன்னது உண்மைதான். இன்று காலை அவரை நீங்கள் விசாரிக்காமல் இருந்தாலும் நானே வந்து சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவள் வரவில்லை. எங்கே இருக்கிறாய் என்று மழைப்பூனை கேட்டாள். பதில் வந்தது.

"சாரிடி, உன்ன மறந்தே போயிட்டேன். வேற ஒரு ஃப்ரெண்ட பாக்க வந்துட்டேன். பழைய தியேட்டர் பஸ் ஸ்டாப்ல நிக்கறேன். அவ வரல, அவ மாமான்னு ஒருத்தர் கார் எடுத்துட்டு வந்திருக்கார். எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. தெரியாத கார்ல ஏறக்கூடாதுதான். ஆனா எங்க சித்தி போகலாம்னு சொல்லிட்டாங்க. ஏறட்டுமா?"

கூடவே ஒரு படம். காரின் பின்பக்கம், நம்பர் தெளிவாகத் தெரிந்தது.

அவளுக்குப் போன் செய்யலாம் என்று தோன்றியது. எடுத்ததும் என்ன சொல்வது? நான் இங்கே நிற்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாளே. மழைப்பூனை யாரென்று தெரிந்தால் அப்புறம் ஜென்மத்துக்கும் என்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஏறாதே என்று டைப் செய்தேன், அழித்தேன். மனதில் இன்னொன்றும் இருந்தது, மறைக்கவில்லை. உன்னை மறந்தே போயிட்டேன் என்று எழுதினாளே, அது சுருக்கென்று தைத்தது. அந்தப் படத்தையும் எனக்கா அனுப்பினாள்? சித்திக்கு அனுப்பவில்லை. மழைப்பூனைக்கு அனுப்பினாள்.

"சித்தியே சொல்லிட்டாங்கன்னா அப்புறம் என்ன? ஜாலியா போயிட்டு வா" என்று பதில் போட்டேன். பதிமூன்று வயதுப் பெண் வேறென்ன சொல்வாள்?

சாயந்திரம் அக்கா தெருத் தெருவாக ஓடினாள். நானும் ஓடினேன், பொய்யாக இல்லை, நிஜமாகவே தேடினேன். அக்கா உங்கள் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தபோது மழைப்பூனையின் கணக்கை அழித்தேன். சுண்டுவின் இணைய நண்பர்களைக் கண்டுபிடிக்க நீங்கள் என்னைத்தான் உதவிக்குக் கூப்பிட்டீர்கள். ஒருத்தியைத் தவிர மற்ற எல்லோரையும் கண்டுபிடித்துக் கொடுத்தேன். அந்த ஒருத்தியிடம்தான் கார் நம்பர் இருந்தது.

மேசையைத் தட்டாதீர்கள், மேடம். நம்பர் ஞாபகம் இருக்கிறதா என்றுதானே கேட்கிறீர்கள்? இருக்கிறது. நேற்றிலிருந்து கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது. சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், எழுதியதை எனக்குப் படித்தும் காட்டுங்கள். குழந்தை பெரியவரிடம் கேட்டுவிட்டுத்தான் போனாள். சந்தேகம் வந்ததும் நம்பரைப் படம் எடுத்து நம்பிக்கையானவருக்கு அனுப்பினாள். நான் நடத்திய பாடத்தில் எந்தக் குறையும் இல்லை.